விசுவாசமும் ஈவுதான் என்றால், விசுவாசிக்காதவன்மேல் குற்றம் எப்படி?

நற்கனி

எபேசியர் 2:8 சிறு வயதிலேயே மனப்பாடம். "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு." எத்தனையோ நாள் ஆறுதல் தந்த வசனம் இப்போது உறுத்துகிறது.

என் தம்பி விசுவாசத்தை விட்டுவிட்டான். கோபமோ வீம்போ இல்லை. "நம்பப் பார்த்தேன் அக்கா, வரவில்லை" என்கிறான். சபையில் ஒருவர், "அவன் தெரிந்துகொள்ளப்பட்டவன் இல்லை போலிருக்கிறது" என்றார், அதாவது இரட்சிப்புக்கென்று தேவன் முன்பே தேர்ந்துகொண்டவன் இல்லை என்று. இன்னொருவர், "மனதைக் கடினப்படுத்திக்கொண்டான், அது அவன் முடிவு" என்றார்.

முதலாவது சரியென்றால் அவனைக் குற்றம் சொல்ல வழியில்லை. இரண்டாவது சரியென்றால், நான் விசுவாசித்தது என் சாமர்த்தியம் என்றாகிறது. அவனிடம் இல்லாத ஏதோ ஒரு நல்ல குணம் என்னிடம் இருந்தது என்றாகிறது. அப்படி எதுவும் இல்லை. அவன்தான் என்னைவிட நேர்மையானவன்.

எந்தச் சபையைச் சேர்ந்தவரானாலும் சரி, இதை யோசித்துப் பார்த்தவர்கள் எழுதுங்கள்.

கல்தூண்

சகோதரி, நான் கால்வின் வழிவந்த சீர்திருத்த சபை மரபில் நிற்பவன். உங்கள் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பழைய திருச்சபையின் பெரிய போதகரான அகுஸ்தீனும் அங்கேதான் திரும்பினார்.

ஆரம்பத்தில் அவருடைய எண்ணம், மனிதன் தானாக விசுவாசிக்கிறான், அதன்பிறகு தேவன் பலம் தருகிறார் என்பதுதான். 396-ஐ ஒட்டி, சிம்பிளிசியான் என்ற மூத்த குரு கேட்டதற்காக ரோமர் 9-ஐ விளக்க உட்கார்ந்தபோது அந்த எண்ணம் நிற்கவில்லை. இரட்டையர் பிறக்கும் முன்பே தேவன் யாக்கோபைத் தெரிந்துகொண்டார், ஏசாவை அல்ல என்று பவுல் சொல்லும் இடம் அது. யாக்கோபிலும் ஏசாவிலும் தேவன் முன்கூட்டியே எதைப் பார்த்தார்? நற்கிரியையையா? பவுல் இல்லை என்கிறார். அப்படியானால் வரப்போகும் விசுவாசத்தையா? அந்த விசுவாசம் எங்கிருந்து வந்தது? 1 கொரிந்தியர் 4:7 அவரை மடக்கியது: "உனக்கு உண்டாயிருக்கிறவைகளில் நீ பெற்றுக்கொள்ளாதது யாது?" முதுமையில் தன் நூல்களையெல்லாம் திரும்பப் பார்த்தபோது, மனிதச் சித்தத்தின் சுதந்திரத்துக்காக அந்த நூலில் போராடினேன், ஆனால் தேவகிருபையே வென்றது என்று எழுதிவைத்தார்.

யோவான் 6:44-ம் அப்போஸ்தலர் 16:14-ம் இதையே சொல்கின்றன. பிதா இழுத்துக்கொள்ளாவிட்டால் ஒருவனும் வரமாட்டான். லீதியாள் பவுலின் பேச்சைக் கவனித்தாள், ஆனால் அவள் இருதயத்தைத் திறந்தவர் கர்த்தர்.

குற்றம் எப்படி என்ற கேள்விக்கு அமெரிக்கப் போதகர் ஜோனத்தன் எட்வர்ட்ஸ் 1754-ல் சொன்ன பதிலைத்தான் நானும் பிடித்திருக்கிறேன். இயலாமை இரண்டு வகை. விரும்பினாலும் செய்ய முடியாத இயலாமை ஒன்று, அதற்குப் பொறுப்பில்லை. விரும்பவே முடியாதபடி மனம் ஒரு பக்கம் சாய்ந்துகிடக்கும் இயலாமை இன்னொன்று. பொய்யே பேசிப் பழகியவனால் உண்மை பேச முடியவில்லை என்று யாரும் அவனை விட்டுவிடுவதில்லை.

தம்பி தெரிந்துகொள்ளப்பட்டவன் இல்லை என்று சொன்னவருக்கு ஒரு வார்த்தை. அதைச் சொல்ல எந்த மனிதனுக்கும் அதிகாரம் இல்லை. 1618-19-ல் நெதர்லாந்தில் கூடிய எங்கள் சபைகளின் டோர்ட் சங்கத்தைத்தான் எல்லாரும் கடுமையானது என்பார்கள். அந்தச் சங்கத்தின் முதல் தலைப்பு, 16-ஆம் பிரிவை வாசியுங்கள். உயிருள்ள விசுவாசத்தைத் தன்னில் இன்னும் உணராதவன், தள்ளப்படுதல் என்ற பேச்சைக் கேட்டுக் கலங்க வேண்டாம், தள்ளப்பட்டவர்களில் தன்னை வைத்து எண்ணவும் வேண்டாம் என்கிறது. "வரவில்லை" என்று வருத்தப்படுகிறவனைப் பற்றித்தான் அது பேசுகிறது.

வைகறை

கல்தூண் பிரதர் சொன்னதில் பாதிக்கு ஆமென். மனிதன் தானாக ஓர் அடிகூட தேவனை நோக்கி வைக்க முடியாது என்பதை எங்கள் மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லியும் அப்படியே நம்பினார். இது பலருக்குத் தெரிவதில்லை. மெதடிஸ்டுகள் என்றாலே "மனித முயற்சி" கட்சி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

வெஸ்லி பிரிவது அடுத்த அடியில். முந்திச் செல்லும் கிருபை ஒன்று உண்டு, அது சிலரை மட்டும் தேடிப்போவதில்லை, எல்லாரையும் தொடுகிறது. செத்துக்கிடந்த சித்தத்துக்குப் பதில் சொல்லும் அளவு உயிரை அதுவே தருகிறது. அப்படி உயிர் பெற்ற சித்தத்தால் "வேண்டாம்" என்றும் சொல்ல முடியும்.

இல்லாவிட்டால் மத்தேயு 23:37-ல் ஆண்டவர் எருசலேமுக்காகப் புலம்புவதற்கு அர்த்தமே இல்லை. "நான் எத்தனைதரமோ... மனதாயிருந்தேன், உங்களுக்கோ மனதில்லாமற்போயிற்று." அவர் மனது ஒன்று, அவர்கள் மனது வேறு. அந்தக் கண்ணீர் பொய்யாக இருக்க முடியாது.

நற்கனி சிஸ்டர், ஈவை வாங்கிக்கொண்டது உங்கள் சாமர்த்தியம் ஆகாது. வாங்கியவர் யாரும் அதற்காகப் பெருமைப்பட்டுக்கொள்வதில்லை.

கல்தூண்

பிரதர், அன்போடு ஒரு கேள்வி. முந்திச் செல்லும் கிருபை இரண்டு பேருக்கும் ஒரே அளவு வந்தது. ஒருவர் ஏற்றார், ஒருவர் மறுத்தார். வித்தியாசத்தை உண்டாக்கியது எது? கிருபை என்று சொல்ல முடியாது, அது இருவருக்கும் சமம். அப்படியானால் அந்த மனிதனுக்குள் இருந்த ஏதோ ஒன்று. சகோதரி தப்பிக்கப் பார்த்த இடத்துக்கே அவரைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டீர்கள்.

வைகறை

நியாயமான கேள்வி. என் பதில்: சுதந்திரமான முடிவுக்குப் பின்னால் இன்னொரு காரணம், அதற்குப் பின்னால் இன்னொன்று என்று தோண்டிக்கொண்டே போனால் அது சுதந்திரமாக இருக்காது. மறுத்தவன் ஏன் மறுத்தான் என்பதற்கு, அவன் மறுத்தான் என்பதற்கு மேல் விளக்கம் தேடக்கூடாது. இது உங்களுக்குப் போதாது என்று தெரியும். ஆனால் "தேவன் அவனுக்குக் கொடுக்கவில்லை" என்ற பதிலை என்னால் சொல்ல முடியாது.

மறையேடு

கத்தோலிக்கன் நான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த விவாதம் கால்வினும் வெஸ்லியும் வருவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நடந்து, ஒரு பாதி முடிவும் கண்டுவிட்டது. அந்தப் பாதி எது என்று தெரியாமல் பேசினால் பழைய இடத்திலேயே சுற்றுவோம்.

பெலாஜியுஸை வில்லனாக நினைக்க வேண்டாம். பிரித்தானியாவிலிருந்து ரோமுக்கு வந்த துறவு மனிதர். பெயருக்குக் கிறிஸ்தவராக, பழைய வாழ்க்கையை அப்படியே வாழ்ந்துகொண்டிருந்தவர்களைப் பார்த்து நொந்தவர். அகுஸ்தீனார் தம் தன்வரலாற்றின் பத்தாம் பகுதியில், "நீர் கட்டளையிடுவதைத் தாரும், நீர் விரும்புவதைக் கட்டளையிடும்" என்று மன்றாடுகிறார். இதைக் கேட்டு பெலாஜியுஸ் கொதித்தார். எல்லாவற்றையும் கடவுளே தரவேண்டும் என்றால் மனிதன் கைகட்டி உட்கார்ந்துவிடுவானே! கடவுள் முடியாததைக் கட்டளையிட மாட்டார், எனவே கட்டளை இருந்தால் அதைச் செய்யும் ஆற்றலும் நம் இயல்பிலேயே உண்டு என்றார். அருள் (நீங்கள் கிருபை என்பது) என்று அவர் சொன்னதெல்லாம் பெரும்பாலும் வெளியே இருப்பவை: படைக்கப்பட்ட இயல்பு, திருச்சட்டம், கிறிஸ்துவின் முன்மாதிரி, பாவ மன்னிப்பு. உள்ளே புகுந்து விருப்பத்தைக் குணமாக்கும் அருளுக்கு அவரிடம் இடமில்லை. 418-ல் கார்த்தேஜ் சங்கம் அதை நிராகரித்தது. 431-ல் எபேசு பொதுச்சங்கமும் அவருடைய தோழர் செலஸ்தியுஸின் பக்கம் நின்றவர்களைக் கண்டித்தது.

பிறகு தென் பிரான்சின் துறவிகள். பக்தியிலும் ஒழுக்கத்திலும் சிறந்தவர்கள். "அருள் வேண்டும்தான், ஆனால் முதல் அசைவு, விரும்பத் தொடங்கும் அந்தச் சின்னத் துடிப்பு, சில வேளைகளில் நம்முடையதாக இருக்கலாமே" என்றார்கள். 529-ல் ஆர்ல் நகர ஆயர் செசாரியுஸ் தலைமையில் ஒராஞ்சு நகரில் ஒரு சிறு சங்கம் கூடியது. அது சொன்னது இதுதான்: நம்பிக்கையின் தொடக்கமும், நம்ப வேண்டும் என்ற ஆசையும்கூட அருளின் கொடை. அதே மூச்சில், தீமைக்கென்று கடவுள் யாரையாவது முன்குறித்தார் என்று நம்புவோரை அருவருப்போடு சபித்தது.

இந்த இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டால் நற்கனி அவர்களின் கேள்வி வேறு வடிவம் எடுக்கிறது. நீங்கள் நம்பத் தொடங்கியது முழுக்க அருள். இதில் பங்கு பிரிக்க ஒன்றுமில்லை. பாதி கடவுள், பாதி நான் என்ற கணக்கே தப்பு.

கல்தூண்

ஒராஞ்சு சங்கத்தை நீங்கள் எடுத்தது சந்தோஷம். ஆனால் அந்த முடிவில் உங்கள் சபை நிலைத்திருக்கவில்லை என்பதுதான் சீர்திருத்தக்காரர்களின் புகார். சீர்திருத்தத்துக்குப் பதிலாக உங்கள் சபை கூட்டிய திரிதெந்து சங்கம் மனித ஒத்துழைப்பைத் திரும்பவும் உள்ளே கொண்டுவந்துவிட்டதே?

மறையேடு

திரிதெந்தின் ஆறாம் அமர்வு, 1547 ஜனவரி 13. நீதிமானாக்கப்படுதல் பற்றிய அந்த ஆணையின் முதல் விதியே, கிறிஸ்து வழியாக வரும் இறையருள் இல்லாமல் ஒருவன் தன் செயல்களால் கடவுள்முன் நேர்மையாளனாக முடியும் என்பவனைச் சபிக்கிறது. பெலாஜியுஸுக்கு அங்கே இடமில்லை. நான்காம் விதி, கடவுளால் தூண்டப்பட்ட சித்தம் இசைவு தந்து ஒத்துழைக்கிறது, விரும்பினால் மறுக்கவும் அதனால் முடியும் என்கிறது. தூண்டுவது முதலில் கடவுள். ஒத்துழைப்பு அதற்குப் பிறகு, அதன் பலத்தில்.

ஐந்தாம் அதிகாரத்தில் சங்கம் இரண்டு வசனங்களை அருகருகே வைத்தது. சகரியா: "என்னிடத்தில் திரும்புங்கள்" என்று கடவுள் சொல்கிறார், நாம் சுதந்திரமானவர்கள் என்பது நினைவுக்கு வருகிறது. புலம்பல்: "எங்களை உம்மிடத்தில் திருப்பிக்கொள்ளும், அப்பொழுது திரும்புவோம்" என்று நாம் பதில் சொல்கிறோம், அருள் முந்தியது என்பதை ஒப்புக்கொள்கிறோம். நீங்கள் வாசிக்கும் பெயர்ப்பிலேயே எழுதியிருக்கிறேன். இதைவிடச் சுருக்கமாக இந்த விஷயத்தைச் சொன்ன இடம் நான் வாசித்தவற்றில் இல்லை.

கல்தூண்

சரி, முதல் விதியை மனமார ஏற்கிறேன், பெலாஜியுஸ் என்ற பட்டத்தை உங்கள்மேல் ஒட்ட மாட்டேன். ஆனால் நான்காம் விதியில் "மறுக்கவும் முடியும்" என்ற இடத்தில் நிற்கிறேன். கத்தோலிக்க அறிஞர் எராஸ்மஸுக்கும் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தருக்கும் நடந்த விவாதமும் இதுதான்.

1524-ல் எராஸ்மஸ் ஒரு படம் காட்டினார். நடக்கத் தெரியாத குழந்தை. தகப்பன் ஒரு பழத்தைக் காட்டுகிறார், தூக்கி நிறுத்துகிறார், கைபிடித்து நடத்துகிறார், கடைசியில் பழத்தைக் கையில் கொடுக்கிறார். குழந்தை தன்னுடையது என்று பெருமைப்பட ஒன்றுமில்லை, ஆனாலும் அதுவும் ஏதோ செய்தது. மென்மையான, அழகான படம். அடுத்த வருடம் லூத்தர் பதில் எழுதியபோது, பாப்பரசர், உத்தரிக்கிற ஸ்தலம், பாவமன்னிப்புச் சீட்டு என்று மற்றவர்கள் அலைந்துகொண்டிருக்க, நீர் ஒருவர்தான் தொண்டைக்குழியைப் பிடித்தீர், அதாவது விஷயத்தின் உயிர்நாடியைத் தொட்டீர் என்று எராஸ்மஸைப் பாராட்டினார். எராஸ்மஸ் ஒதுக்கும் அந்தச் சின்னப் பங்கு ஆபத்தானது என்பது லூத்தரின் வாதம். என் இரட்சிப்பு அந்தச் சின்னப் பங்கைச் சார்ந்திருந்தால், நான் போதுமான அளவு செய்தேனா என்ற பயம் சாகும்வரை விடாது. தேவனுடைய கையில் முழுவதும் இருப்பதுதான் அவருக்கு நிம்மதி.

எனக்கும் அப்படித்தான். தத்துவத்துக்காக நான் இந்தப் பக்கம் வரவில்லை. என் சித்தத்தை எனக்குத் தெரியும், அதை நம்பி ஒரு ராத்திரிகூடத் தூங்க முடியாது.

கேள்விக்கணை

நான் விசுவாசி இல்லை. ஆனால் இந்த இழையை முதலிலிருந்து கவனமாக வாசித்தேன், ஏனென்றால் கிறிஸ்தவம் இல்லாமலும் இதே கேள்வி இருக்கிறது. வளர்ப்பு, மரபணு, சூழல் எல்லாம் சேர்ந்து என் முடிவைத் தீர்மானித்தால் பொறுப்பு எங்கே?

உங்கள் எல்லாரிடமும் கேட்க விரும்புவது: கடவுள் என் விருப்பத்தையே மாற்றினால், மாறிய விருப்பம் என்னுடையதா, அவருடையதா?

மறையேடு

நண்பரே, இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டதற்கு நன்றி. இடைக்காலக் கத்தோலிக்க இறையியலாளர் அக்குவினா தோமாவின் பதில் எனக்கு உதவியது. கடவுளும் மனிதனும் ஒரே தளத்தில் நிற்கும் இரண்டு காரணங்கள் என்று நினைத்தால், ஒருவர் அதிகம் செய்தால் மற்றவர் குறைவாகச் செய்தாக வேண்டும். ஆனால் படைத்தவர் அப்படி நம் பக்கத்தில் நிற்கும் இன்னொரு ஆள் இல்லை. இயற்கைக் காரணங்களை அவர் இயக்குவதால் அவை இயற்கையாக இருப்பது நின்றுபோவதில்லை. அதுபோல விருப்பத்தை அவர் இயக்கும்போது அது விருப்பமாக இருப்பதும் நின்றுபோவதில்லை. விருப்பமாகவே இயங்கச் செய்கிறவர் அவர்தான். எனவே மாறிய விருப்பம் முழுக்க அவருடைய வேலை, முழுக்க உங்களுடையதும்கூட.

கேள்விக்கணை

புரிகிறது. வெளியிலிருந்து தள்ளுவதுபோல யோசிக்கக்கூடாது என்கிறீர்கள். மாறியவர்களைப் பொறுத்தவரை இது நல்ல பதில். மாறாதவர்களுக்கு இது இன்னும் பதில் சொல்லவில்லை. அவ்வளவு மென்மையாக, சுதந்திரம் கெடாமல் மாற்ற முடியும் என்றால் எல்லாரையும் ஏன் மாற்றவில்லை? சுதந்திரத்தைக் காப்பாற்றுவதற்காக என்ற சாக்கு இப்போது இல்லையே.

கல்தூண்

இதைவிடக் கூர்மையாக என் பக்கத்து ஆட்களே கேட்டதில்லை. உண்மை, அந்தச் சாக்கு எங்களுக்கு இல்லை. தேவனுடைய சித்தம் என்பதோடு நிறுத்துகிறோம்.

கீழ்த்திசை

ஆர்த்தடாக்ஸ் சபையிலிருந்து சுருக்கமாக. கிழக்கே இந்தச் சண்டை இப்படி நடக்கவில்லை. பெலாஜியுஸ் எங்களுக்கு முதல் கவலையாக இருந்ததும் இல்லை, அகுஸ்தீனின் எழுத்துகள் எங்கள் சிந்தனையை வடிவமைத்ததும் இல்லை. எங்கள் பழைய பெரும் பிரசங்கியான கிரிசோஸ்தோமின் பிரசங்கங்களில் இரண்டும் சாதாரணமாகச் சேர்ந்தே வரும்: தேவன் இழுக்கிறார், நாம் எழுந்து போகிறோம். மேற்கே "தென் பிரான்சின் துறவி" என்று சந்தேகத்தோடு பார்க்கப்படும் யோவான் காசியான் எங்களுக்குப் பரிசுத்தவான். கான்ஸ்தாந்திநோபிள் பேராயர் சிரில் லூகாரிஸின் பெயரில் கால்வின் சாயலில் ஒரு விசுவாச அறிக்கை வந்தபோது, 1672-ல் எருசலேமில் கூடிய சங்கம் அதைத் தெளிவாக மறுத்தது.

எங்களுக்கு இரட்சிப்பு ஒரு நொடியில் எடுக்கும் தீர்மானம் அல்ல. கடைசி மூச்சுவரை நடக்கும் குணமாதல். எந்த நொடியில் யார் முந்தினார்கள் என்று தேடும் பழக்கம் அதனாலேயே எங்களிடம் குறைவு.

மெழுகுதீபம்

இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். லூத்தரன் சபை என்னுடையது.

என் அம்மாவுக்கு மறதி நோய். என்னை யாரென்று தெரியாது. இயேசு என்ற பெயரைச் சொன்னால் சில நாள் முகம் அசையும், பல நாள் அசையாது. தீர்மானம் எடுக்கும் சக்தி அவரிடம் மிச்சமில்லை. "இன்றைக்கும் விசுவாசிக்கிறீர்களா?" என்று கேட்டால் அவரிடம் பதில் இல்லை. வைகறை பிரதர், உங்களை நோகடிக்கச் சொல்லவில்லை. சித்தத்தின் பதிலில்தான் எல்லாம் முடிகிறது என்றால் என் அம்மாவை எங்கே வைப்பது? அவரைக் குளிப்பாட்டும்போதெல்லாம், இவரைப் பிடித்திருக்கிற கை இவருடையது இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது நாங்கள் நம்புவதும் இதையேதான்.

ஆனால் கல்தூண் பிரதரோடும் முழுக்கப் போக முடியவில்லை. லூத்தரன் அறிக்கைகளில் 1577-ன் ஒருமைப்பாட்டு அறிக்கை இரண்டையும் சொல்கிறது. இரட்சிக்கப்படுகிறவன் முழுக்க தேவகிருபையால் இரட்சிக்கப்படுகிறான், அவன் பங்கு எதுவும் இல்லை. கெட்டுப்போகிறவன் தன் மறுப்பால் கெட்டுப்போகிறான், தேவன் அதைத் தீர்மானிக்கவில்லை. அப்படியானால் ஒருவன் ஏன் இப்படி, இன்னொருவன் ஏன் அப்படி என்று கேட்டால், அந்த இடைவெளியை நிரப்பாதே, வசனம் நிற்கும் இடத்தில் நில் என்கிறது. தர்க்கத்தில் ஓட்டை இருக்கிறது என்று இரண்டு பக்கத்தாரும் சொல்வார்கள். சொல்லட்டும்.

வைகறை

சிஸ்டர், நோகவில்லை. உங்கள் அம்மாவுக்காக ஜெபிக்கிறேன். பதில் சொல்லும் சக்தி இல்லாதவரிடம் தேவன் பதில் கேட்பதில்லை என்றுதான் நாங்களும் நம்புகிறோம். அவர் பல வருடங்களாகச் சொன்ன பதில் தேவனுடைய நினைவில் இருக்கிறது. மறதி அம்மாவுக்குத்தான்.

மறையேடு

மெழுகுதீபம் அம்மா எழுதியதற்குப் பிறகு வாதம் செய்யக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அவர் சொன்ன அதே இடத்திற்கு 1999-ல் இரண்டு சபைகளும் சேர்ந்து வந்தன என்பதைச் சொல்ல வேண்டும். அக்டோபர் 31, ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கையெழுத்திட்ட கூட்டறிக்கை. மீட்புக்கு எல்லா மனிதரும் முழுக்க இறையருளையே சார்ந்திருக்கிறார்கள் என்று அதில் சேர்ந்து அறிக்கையிடுகிறார்கள். மனிதனின் இசைவும் அருளின் விளைவே, பிறவி ஆற்றலிலிருந்து வருவதல்ல என்று எங்கள் தரப்பு அதில் விளக்குகிறது. ஒத்துழைக்க மனிதனால் முடியாது என்று லூத்தரன் தரப்பு சொல்லும்போதே, அருளை நிராகரிக்க அவனால் முடியும் என்பதை மறுக்கவில்லை. மெதடிஸ்டுகள் 2006-லும் சீர்திருத்த சபைகளின் உலக ஐக்கியம் 2017-லும் இதில் இணைந்தன.

இன்னொன்று. எங்கள் சபைக்குள்ளேயே இது தீரவில்லை. 1588-ல் மோலினா என்ற இயேசு சபைக் குரு, எந்தச் சூழலில் எந்த மனிதன் சுதந்திரமாக என்ன செய்வான் என்பதைக் கடவுள் முன்பே அறிவார், அந்த அறிவைக்கொண்டே அருளை ஏற்பாடு செய்கிறார் என்றார். தொமினிக்கன் சபையின் பானெஸ், அப்படியானால் கடவுள் மனிதனைப் பார்த்து முடிவெடுப்பவர் ஆகிறார், அருள் தன்னிலேயே பலனளிப்பது என்றார். ரோமில் பல ஆண்டுகள் விசாரணை. 1607-ல் பாப்பரசர் ஐந்தாம் பவுல், எந்தப் பக்கத்தையும் கண்டிக்காமல், ஒருவரையொருவர் தப்பறை (தவறான போதனை) என்று சொல்லக்கூடாது என்று நிறுத்திவிட்டார். மிக ஞானமான முடிவு அது என்பது என் கருத்து.

நற்கனி

எல்லாருக்கும் நன்றி. டோர்ட்டின் 16-ஆம் பிரிவைத் தேடி வாசித்தேன், அழுதேன்.

ஆனால் நடைமுறையில் என்ன செய்வது? தம்பியிடம் பேச வேண்டுமா, பேசாமல் ஜெபிக்க வேண்டுமா? எல்லாம் கிருபைதான் என்றால் பேச்சு எதற்கு? அவன் சித்தம்தான் என்றால் ஜெபம் எதற்கு?

மறையேடு

இந்த இரண்டு கேள்வியும் அகுஸ்தீனாரிடம் வந்தவைதான். கார்த்தேஜைச் சேர்ந்த வித்தாலிஸ் என்பவர், நம்பத் தொடங்குவது நம் சொந்தச் செயல் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு எழுதிய கடிதத்தில் (217-ஆம் கடிதம்) அகுஸ்தீனார் ஆலயத்தில் நடப்பதைக் காட்டினார். நம்பாதவர்கள் நம்ப வேண்டும் என்று திருச்சபை கடவுளிடம் மன்றாடுகிறது. அவர்கள் உள்ளத்தை அவர் திருப்ப முடியாது என்றால் அந்த மன்றாட்டு எதற்கு? யாரும் வீணாக வேண்டுவதில்லை.

மறுபக்கம், ஹத்ருமேத்தும் மடத்துத் துறவிகள் 426-ஐ ஒட்டி நேரெதிராகக் கேட்டார்கள். எல்லாம் அருள் என்றால் தலைவர் எங்களைக் கடிந்துகொள்ள வேண்டாம், எங்களுக்காக ஜெபித்தால் போதுமே? அவர்களுக்கு இரண்டு நூல்கள் எழுதினார். கடிந்துரையும் அருள் பயன்படுத்தும் கருவிதான், எனவே அதையும் செய்ய வேண்டும் என்றார். ஆகவே பேசவும் வேண்டும், ஜெபிக்கவும் வேண்டும்.

கல்தூண்

இதில் எனக்கும் வைகறை பிரதருக்கும் வித்தியாசமே இல்லை. ஒரு ஆத்துமாவுக்காக முழங்காலில் நிற்கும்போது எல்லாருமே தேவன் செய்ய வேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

இன்னொன்றும் சொல்கிறேன். உங்கள் தம்பி "முயன்றேன், வரவில்லை" என்று சொன்னதை அப்படியே நம்புங்கள். வீம்பு என்று திருத்தாதீர்கள்.

கேள்விக்கணை

பார்வோன் விஷயத்தை யாரும் தொடவில்லையே. அவன் இருதயத்தைக் கடினப்படுத்தியது கடவுள்தானே? ரோமர் 9 அதைத்தானே எடுக்கிறது?

வைகறை

யாத்திராகமத்தை வரிசையாக வாசியுங்கள். 8:15, 8:32 இரண்டிலும் பார்வோன் தன் இருதயத்தைத் தானே கடினப்படுத்துகிறான். வாதைகள் தொடங்கியபின் கர்த்தர் கடினப்படுத்தினார் என்று நேரடியாக வருவது 9:12-ல், ஆறாம் வாதைக்குப் பிறகு. அவன் தேர்ந்துகொண்டதில் அவனை விட்டுவிட்டார் என்று நான் வாசிக்கிறேன்.

கல்தூண்

ஆனால் 4:21-ல், மோசே எகிப்துக்குள் நுழையும் முன்பே, "நான் அவன் இருதயத்தைக் கடினப்படுத்துவேன்" என்று கர்த்தர் சொல்லிவிட்டாரே பிரதர். வரிசை அங்கே தொடங்குகிறது.

எப்படியானாலும் ரோமர் 9-ல் நிற்கக்கூடாது, அது பவுலுடைய வாதத்தின் நடு. 10-ல் இஸ்ரவேல் கீழ்ப்படியாத ஜனம் என்று அவர்கள்மேலேயே பொறுப்பை வைக்கிறார். 11:32-ல் முடிக்கிறார்: "எல்லார்மேலும் இரக்கமாயிருக்கத்தக்கதாக, தேவன் எல்லாரையும் கீழ்ப்படியாமைக்குள்ளே அடைத்துப்போட்டார்." யூதர், புறஜாதியார் என்ற இரண்டு கூட்டத்தையும் சேர்த்துச் சொல்கிறார் என்பது என் வாசிப்பு. தனித்தனியாக ஒவ்வொரு மனிதனையும் அங்கே வைக்க மாட்டேன்.

வைகறை

நான் வைப்பேன். 1 தீமோத்தேயு 2:4-ம் அதையே சொல்கிறது, எல்லா மனுஷரும் இரட்சிக்கப்பட அவர் சித்தமுள்ளவராயிருக்கிறார்.

கல்தூண்

அப்படி நீட்டினால் எல்லாரும் இரட்சிக்கப்படுவார்கள் என்று வரும். நீங்களும் அங்கே போவதில்லை. "மறுக்கலாம்" என்ற இடத்தில் நீங்கள் நிறுத்துகிறீர்கள், தெரிந்துகொள்ளுதலில் நான் நிறுத்துகிறேன்.

வைகறை

ஆம். நான் நிறுத்தும் இடத்தில் "வேண்டாம்" என்று சொல்வது மனிதன். நீங்கள் நிறுத்தும் இடத்தில் சொல்வது தேவன். அதனால்தான் உங்களோடு வர முடியவில்லை.

நற்கனி

இதை வாசித்துவிட்டு 9 முதல் 11 வரை ஒரே மூச்சில் வாசித்தேன். 11:23-ல் நின்றுவிட்டேன். ஒலிவ மரத்திலிருந்து முறிக்கப்பட்ட கிளைகளைப் பற்றிச் சொல்கிறார்: "அவர்கள் அவிசுவாசத்திலே நிலைத்திராதிருந்தால் அவர்களும் ஒட்டவைக்கப்படுவார்கள்; அவர்களை மறுபடியும் ஒட்டவைக்கிறதற்கு தேவன் வல்லவராயிருக்கிறாரே." நிபந்தனையும் இருக்கிறது, வல்லமையும் இருக்கிறது. நீங்கள் இருவரும் இதை எப்படி வாசிக்கிறீர்கள்?

கல்தூண்

வல்லமையே அந்த நிபந்தனையை நிறைவேற்றும் என்று. அவிசுவாசத்தில் நிலைத்திராதபடி செய்கிறவரும் அவர்தான்.

வைகறை

நிபந்தனை நிபந்தனையாகவே நிற்கிறது. ஆனால் முறிந்த கிளைக்கும் காலம் முடியவில்லை என்பதில் நாங்கள் இருவரும் ஒன்றுதான் சிஸ்டர்.